எச்சரிக்கை எல்லாம் மெயில் வாங்குகிறவருக்கு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாவட்டப் பக்கத்தில் சைபர் மோசடி பற்றிச் செய்தி வந்தால் அதன் கீழே ஒரு கட்டம் கட்டி அறிவுரை போடுகிறீர்கள். தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள், மெயில் அனுப்பியவரின் முகவரியைச் சரிபாருங்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கடைசி அறிவுரையை ஒழுங்காகப் பின்பற்றியும் ஒருவர் ஏமாறலாம் என்பதை யாரும் எழுதுவதில்லை. முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாகவே இருக்கும், மெயில் மட்டும் அந்த ஆள் அனுப்பியதாக இருக்காது. இதை வாங்குகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க முடியாது, அந்த முகவரியின் சொந்தக்காரர்தான் தடுக்க முடியும். அந்தச் சொந்தக்காரருக்கு ஒரு வரி அறிவுரை எழுதி நான் பார்த்ததில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தயவுசெய்து நடுவில் வெட்டாதீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டர் வேலையும் பார்க்கிறவன் நான். மாங்கூழ் ஆலை, கிரானைட், ஓசூர் பக்கம் ரோஜா ஏற்றுமதி, அப்புறம் சிப்காட் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள். வெளியூர்க்காரர்களுக்கு நம் மாவட்டம் என்றால் மாம்பழமும் கேஆர்பி அணையும் சுங்கச்சாவடி நெரிசலும்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கண்டெய்னர் போகிறது, அந்த வியாபாரம் கிட்டத்தட்ட முழுவதும் மெயிலில்தான் நடக்கிறது. விலை பேசுவது மெயிலில், இன்வாய்ஸ் மெயிலில், வங்கிக் கணக்கு எண்ணும் மெயிலில். சரக்கு வாங்குகிறவர் நம் ஆளை நேரில் பார்த்தே இருக்க மாட்டார், அவருக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி பெயரில் இருக்கும் அந்த டொமைன்தான், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்.

பர்கூர் பக்கம் கிரானைட் அனுப்பும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவருடைய வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது, எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இனிமேல் பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. அனுப்பியவர் இடத்தில் இவருடைய முகவரியேதான். லோகோ, போன் நம்பர், கீழே போடும் வழக்கமான வணக்கம் எல்லாம் அப்படியே இருந்தன, வெப்சைட்டிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இந்தியக் கம்பெனிக்கு ஏன் வேறு ஒரு நாட்டில் வங்கிக் கணக்கு என்று அங்கிருந்த கணக்காளருக்கு உறுத்தியதால் போன் போட்டுக் கேட்டார், பணம் தப்பியது. எல்லாருக்கும் அப்படி ஒரு கணக்காளர் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2023இல் மட்டும் இந்த மாதிரி வியாபார மெயில் மோசடி என்று 21,489 புகார்கள் வந்தன, இழப்பு சுமார் 290 கோடி டாலர். மெயில் பெட்டிக்குள்ளேயே புகுந்து செய்தது, ஒத்த எழுத்தில் வேறு டொமைன் வாங்கிச் செய்தது என்று எல்லா வகையும் அந்தக் கணக்கில் அடக்கம். நான் பேசுவது அதில் ஒரு வகையைப் பற்றித்தான், ஆனால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய வகை அது.

நம் கிரானைட்காரர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினார், கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தார், காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டார். கொஞ்ச நாளில் இன்னொரு வாடிக்கையாளருக்கு அதே மாதிரி மெயில். ஏனென்றால் அவருடைய கணக்குக்குள் யாரும் புகவே இல்லை. எங்கேயோ ஒரு சர்வரில் உட்கார்ந்துகொண்டு அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் இவருடைய முகவரியை டைப் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு இவருடைய பாஸ்வேர்டு எதற்கு? பாஸ்வேர்டு மாற்றுவதில் தப்பில்லை, வேறு எங்கிருந்தாவது லாகின் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம், ஆனால் லாகின் விவரத்தில் சந்தேகமாக எதுவும் இல்லை, அனுப்பியவை பெட்டியிலும் எதுவும் இல்லை, நீங்கள் அனுப்பாத மெயில்களுக்கு மட்டும் டெலிவரி ஆகவில்லை என்று பதில்கள் வரிசையாக வந்து விழுகின்றன என்றால் பிரச்சினை உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. உங்கள் டொமைன் பெயரில் யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம் என்று விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கிறார்கள். மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி 1982இல் வந்தது. அன்றைக்கு அந்த வலைப்பின்னலில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும், அனுப்புகிறவன் பொய் சொல்வான் என்று யாரும் யோசிக்கவில்லை. தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். கவரின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி, உள்ளே கடிதத்தின் தலைப்பில் இன்னொரு முகவரி, இரண்டும் ஒன்றுதானா என்று தபால்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை. மெயிலிலும் இரண்டு முகவரி உண்டு. கவர் முகவரியை சர்வர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும், நம் திரையில் தெரிவது உள்ளே இருக்கிற 'ஃப்ரம்' மட்டும். அந்தப் பழைய விதிமுறைப்படி இரண்டிலுமே எதை வேண்டுமானாலும் எழுதலாம். பின்னால் இதைச் சரிசெய்ய மூன்று ஏற்பாடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. மூன்றுமே உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்த டொமைனின் விவரங்கள் இருக்கும் பொதுப் பதிவேட்டில், எழுதிவைக்கும் சில வரிகள்தான், எழுதுவதற்குக் காசு கிடையாது.

முதலாவது எஸ்பிஎஃப். என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்கு மட்டும் அனுமதி என்று சொல்கிற வரி. கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் கூகுள் ஒரு வரி கொடுக்கும், ஸோஹோ மெயில் என்றால் ஸோஹோ ஒரு வரி கொடுக்கும், அதைப் போட வேண்டும். இங்கே நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, வெப்சைட்டுக்கு இடம் கொடுத்த பழைய ஹோஸ்டிங் கம்பெனியின் வரி ஒன்று, புது மெயில் சேவையின் வரி ஒன்று என்று இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருப்பது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது, இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுத வேண்டும். அதோடு, சரிபார்க்கிறவர் அந்த வரிக்காகப் பத்து முறைக்கு மேல் டிஎன்எஸ்ஸில் தேட வேண்டி வந்தால் அதுவும் தோல்விதான், எதற்கும் இருக்கட்டும் என்று ஊரில் உள்ள சேவையை எல்லாம் சேர்த்து வைக்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

எஸ்பிஎஃப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், இல்லை. அது பார்ப்பது கவர் முகவரியை மட்டும். மோசடிக்காரன் கவரில் தன் சொந்த டொமைனைப் போட்டுவிட்டு, அதற்கு எஸ்பிஎஃப்பும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, உள்ளே ஃப்ரம்மில் மட்டும் உங்கள் முகவரியை எழுதினால் எஸ்பிஎஃப் பரிசோதனையில் அவன் ஜம்மென்று தேறிவிடுவான். இன்னொரு பக்கம், நேர்மையான மெயிலும் இதில் அடிபடும். உங்கள் மெயிலை வாங்குகிறவர் தன் ஆபீஸ் முகவரிக்கு வருவதெல்லாம் ஜிமெயிலுக்குத் தானாகப் போகும்படி வைத்திருந்தால், ஜிமெயிலின் கண்ணுக்கு அதை அனுப்புவது அவருடைய ஆபீஸ் சர்வர், அது உங்கள் பட்டியலில் இருக்காது.

அதனால்தான் இரண்டாவதான டிகிம். இது கையெழுத்து. உங்கள் மெயில் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடும், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். வழியில் யாராவது உள்ளடக்கத்தை மாற்றினால் கையெழுத்து பொருந்தாது. எத்தனை சர்வர் தாண்டிப் போனாலும், மாற்றாமல் அனுப்பினால் பொருந்தும். சாவி நீளம் முக்கியம். 2011 கடைசியில் அமெரிக்காவில் ஒரு கணித நிபுணர் தனக்கு கூகுளிலிருந்து வந்த வேலைவாய்ப்பு மெயிலைச் சந்தேகப்பட்டு ஆராய்ந்து, கூகுளே 512 பிட் சாவி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். வாடகை சர்வர்களை வைத்துச் சில நாட்களில் அந்தச் சாவியை உடைத்து, கூகுளை ஆரம்பித்த இருவரில் ஒருவர் மற்றவருக்கு அனுப்பியது போலவே மெயில் அனுப்பிக் காட்டினார். கூகுள் உடனே சாவியை நீளமாக்கியது. இன்றைக்கு நீங்கள் போட வேண்டியது 2048 பிட். அது நீளமான வரி, டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும், அதனால் சில டொமைன் விற்பனைத் தளங்களில் அந்த வரியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டியிருக்கும். ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும் வேலை செய்யாது, எந்த எச்சரிக்கையும் வராது, நாமே சோதித்துப் பார்த்தால்தான் உண்டு.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: காசு கட்டிவிட்டோம், கூகுள் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். அட்மின் பக்கத்தில் நீங்களே போய் டிகிம்மை ஆன் செய்யும்வரை கூகுள் தன்னுடைய ஒரு பொது டொமைன் பெயரில்தான் கையெழுத்துப் போடும், உங்கள் பெயரில் போடாது.

மூன்றாவது டிமார்க். முதல் இரண்டையும் நம் கண்ணில் படும் ஃப்ரம் முகவரியோடு கட்டிப்போடுவது இதுதான். பேபால், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ போன்றவர்கள் சேர்ந்து 2012இல் வெளியிட்டார்கள், 2015இல் விதிமுறை ஆவணமாக வந்தது. இதன் கேள்வி எளிமையானது. எஸ்பிஎஃப் தேறியதோ டிகிம் தேறியதோ, எது தேறியிருந்தாலும் தேறிய அந்த டொமைனும் ஃப்ரம்மில் தெரிகிற டொமைனும் ஒன்றுதானா? ஒன்று என்றால் விடு. இல்லை என்றால் என்ன செய்வது என்பதை டொமைன் சொந்தக்காரர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். 'நன்' என்று எழுதினால் ஒன்றும் செய்யாதே, 'குவாரண்டைன்' என்றால் ஸ்பேமில் தள்ளு, 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. பெறுகிற பக்கம் இதை மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மாதிரி பெரிய சேவைகள் பொதுவாக மதிக்கின்றன. முன்னே சொன்ன தந்திரம், கவரில் தன் பெயர், உள்ளே உங்கள் பெயர் என்பது, இந்த மூன்றாவது வரியில்தான் அடிபட்டுப் போகும்.

இதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு கெடுபிடி கொண்டுவந்தன. ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும், சின்ன அளவில் அனுப்புகிறவர்களும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதம் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு அதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அந்த விதிக்கு டிமார்க்கில் 'நன்' என்று எழுதினாலே போதும். உடனே வெப்சைட் செய்து கொடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு 'நன்' வரியை ஒட்டிவிட்டு, சார் டிமார்க் போட்டாச்சு என்று பில் கொடுத்துவிட்டார்கள். 'நன்' எதையும் தடுக்காது. அது வேடிக்கை பார்ப்பதற்கான ஏற்பாடு. பார்க்க வேண்டிய ரிப்போர்ட்டையும் யாரும் பார்ப்பதில்லை என்றால் அந்த வரி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். சிலர் ரிப்போர்ட் முகவரியே எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

அதற்காக எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' போடுவதும் ஆபத்து, இதைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு திடீரென்று 'ரிஜெக்ட்' போட்டபோது, யாஹூ முகவரியிலிருந்து குழு மெயில்களுக்கு (குழுவின் சர்வர்தான் அதை எல்லாருக்கும் மறுபடி அனுப்பும்) எழுதிக்கொண்டிருந்தவர்களின் கடிதங்கள் உலகம் முழுக்கத் திரும்பி வந்தன, அந்தக் குழுக்களை நடத்தியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நம் ஊர் அளவில் என்ன நடக்கும்? உங்கள் பெயரில் மெயில் அனுப்புவது உங்கள் மெயில் பெட்டி மட்டும் இல்லை. பில்லிங் சாஃப்ட்வேர் இன்வாய்ஸ் அனுப்பும். வெப்சைட்டில் இருக்கும் விசாரணைப் படிவம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து அனுப்பும். பண்டிகை வாழ்த்து அனுப்ப ஒரு மொத்த மெயில் சேவை வாங்கியிருப்பீர்கள், அதை மறந்தும் போயிருப்பீர்கள். மாங்கூழ் சீசன் நடுவில் போய் 'ரிஜெக்ட்' போட்டு, ஜூன் மாதத்து இன்வாய்ஸ் எல்லாம் வாடிக்கையாளர் வாசலில் திரும்பினால் முதலாளி சும்மா விடமாட்டார்.

ஆகவே 'நன்'னில் ஆரம்பியுங்கள், ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுங்கள். சொந்த டொமைனிலேயே அதற்கென்று தனி முகவரி வைப்பது நல்லது, வேறு டொமைன் முகவரி கொடுத்தால் அந்த டொமைனும் சம்மதம் சொல்லி ஒரு வரி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்றவை தினம் ஒரு சுருக்கிய ஃபைல் அனுப்பும். திறந்தால் கம்ப்யூட்டர் படிப்பதற்கான எக்ஸ்எம்எல் வடிவம், பார்க்கவே எரிச்சலாக இருக்கும், அதை அட்டவணையாகக் காட்ட இலவசக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் பெயரில் எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு சர்வரின் எண்) எத்தனை மெயில் போனது, தேறியதா இல்லையா என்பது அதில் இருக்கும். தெரிந்த இடங்களை எல்லாம் எஸ்பிஎஃப்பிலோ டிகிம்மிலோ கொண்டுவாருங்கள். ஒரு மாதச் சுழற்சி முழுவதும் பாருங்கள், ஏனென்றால் மாதக் கடைசியில் மட்டும் ஸ்டேட்மென்ட் அனுப்பும் சாஃப்ட்வேர் அதற்கு முன்னால் கண்ணில் படாது. மிச்சம் இருப்பது முன்பின் தெரியாத இடங்கள் மட்டும்தான் என்றானதும் 'குவாரண்டைன்', பிறகு 'ரிஜெக்ட்'. பொதுவாக டிமார்க் வரி துணை டொமைன்களையும் சேர்த்தே காக்கும், அதனால் உங்கள் டொமைனுக்கு முன்னால் அக்கவுண்ட்ஸ், பில்லிங் என்று ஏதாவது சேர்த்து யாராவது அனுப்பினாலும் பிடிபடும்.

விசாரணைப் படிவத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நிறைய வெப்சைட்டுகளில், படிவத்தை நிரப்புகிறவருடைய முகவரியையே ஃப்ரம்மில் போட்டு உங்களுக்கு அனுப்பும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தடுக்க நினைக்கும் அதே வேலையை உங்கள் வெப்சைட்டே அடுத்தவர் பெயரில் செய்கிறது. விசாரணை வரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃப்ரம்மில் உங்கள் முகவரி, பதில் போக வேண்டிய இடத்தில் அவருடைய முகவரி, இதுதான் முறை.

மெயிலுக்கே பயன்படுத்தாத டொமைன்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். நிறைய பேர் டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்கி ஒன்றைச் சும்மா வைத்திருப்பார்கள், மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் போட வாங்கிய டொமைன் ஒன்று இருக்கும். அதில் எஸ்பிஎஃப் வரியில் யாருக்கும் அனுமதி இல்லை என்று எழுதி, டிமார்க்கில் நேரடியாக 'ரிஜெக்ட்' போட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை, எதுவும் கெடாது. மோசடிக்காரர்களுக்குப் பிடித்தது இப்படிக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் நல்ல பெயர்கள்தான்.

இதெல்லாம் போட்டாலும் தடுக்காதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப்போட்டு வேறு டொமைன் வாங்கி அனுப்பினால் அது வேறு டொமைன், உங்கள் டிமார்க்குக்கு அங்கே வேலை இல்லை. ஏதோ ஒரு ஜிமெயில் முகவரி, அதற்குப் பெயர் மட்டும் உங்கள் பெயர், அதையும் தடுக்காது, செல்போனில் பலருக்கும் பெயர் மட்டும்தான் தெரிகிறது என்பது பெரிய தொல்லை. நிஜமாகவே உங்கள் மெயில் பெட்டிக்குள் புகுந்து அனுப்பினால் எஸ்பிஎஃப்பும் டிகிம்மும் சந்தோஷமாகத் தேறும். ஆகையால் வங்கிக் கணக்கு மாறியது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்பதை விடக்கூடாது. பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

நம் ஊரில் நிஜமான தடை தொழில்நுட்பம் இல்லை. உங்கள் டொமைன் எங்கே வாங்கியது, யார் பெயரில் இருக்கிறது, டிஎன்எஸ் பக்கத்துக்கு லாகின் யாரிடம் என்று கேளுங்கள், காவேரிப்பட்டணத்திலிருந்து தர்மபுரி வரைக்கும் ஒரே பதில்தான்: வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி வைத்திருக்கிறார். தம்பி பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. டொமைன் அவருடைய கணக்கில், அவருடைய மெயில் முகவரியில், வேறு பலருடைய டொமைன்களோடு சேர்ந்து கிடக்கிறது. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலும் அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காமல் விட்டு காலாவதியானால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், அப்புறம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வாங்கினவன் தன் பெயரில் ஒழுங்காகப் போட்டுக்கொள்வான், உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயிலும் அவனுக்கே போகும். கடை வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி பதிவு எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இதை மட்டும் ஏன் அடுத்தவரிடம் விட்டு வைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தத் தம்பிகளையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன், முதலாளிதான் எதுவும் கேட்காமல் மொத்தமாக இவ்வளவு என்று பேசி முடிக்கிறார். ஆனாலும் டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்கி லாகினைக் கையில் கொடுத்துவிட்டு வருவது குறைந்தபட்ச மரியாதை.

நாங்கள் சின்ன ஆட்கள், எங்கள் பெயரை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் நிறைய. ஆளைப் பார்த்துத் தேடி வருவதில்லை, டிமார்க் இல்லாத டொமைன் எது என்று மென்பொருள் வைத்தே தேடலாம், டிஎன்எஸ் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு. தன் பெயரில் டொமைன் வாங்கி வைத்திருக்கும் தனிநபர்களுக்கும் இது பொருந்தும். பெயரில் ஸ்பேம் போகப் போக உங்கள் டொமைனின் மதிப்பு கெடும், கடைசியில் நீங்கள் அனுப்பும் நிஜமான மெயில், மகன் காலேஜுக்கு எழுதியதோ பேங்குக்கு எழுதியதோ, ஸ்பேமில் போய் விழும். ஜிமெயில் முகவரி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் செய்ய ஒன்றும் இல்லை, அந்தப் பாடு கூகுளுடையது.

தன் டொமைன் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். உங்கள் முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்புங்கள், கம்ப்யூட்டரில் அதைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' போட்டால் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று வரும், எதிரே 'பாஸ்' அல்லது 'ஃபெயில்'. டிமார்க் என்ற வரியே காணோம் என்றால் போடவில்லை என்று பொருள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த முறை அந்த எச்சரிக்கைக் கட்டத்தைப் போடும்போது, சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் டிமார்க் 'ரிஜெக்ட்' வரை போயிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். பிறகு, மாவட்டத் தொழில் மையத்தின் பயிற்சிகளிலும் ஏற்றுமதியாளர் கூட்டங்களிலும் வங்கிக் கடன், மானியம் பற்றிப் பேசுகிற நேரத்தில் அரை மணி இதற்கு ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள், நீங்கள் எழுதினால் கேட்பார்கள். பர்கூர், தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட் தேடி பெங்களூருக்கு அலைவதற்குப் பதில் மாவட்டத்தில் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு இதைச் செய்து கொடுக்கலாம், பாடத்தில் படிக்கிற டிஎன்எஸ்ஸும் பொதுச் சாவியும் கையில் பட்ட மாதிரி இருக்கும்.

இதை அனுப்பும் முன் உங்கள் பத்திரிகையின் டொமைனையும் பார்த்தேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எஸ்பிஎஃப் இருக்கிறது. டிமார்க் 'நன்'னில் நிற்கிறது, ரிப்போர்ட் போக வேண்டிய முகவரி எழுதப்படவில்லை. ஆசிரியர் பெயரில் ஒரு மெயில் நாளைக்கு உங்கள் விளம்பரதாரர்களுக்குப் போனால் அவர்களுக்கு வித்தியாசம் தெரிய வழி இல்லை. கடிதம் அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி.